மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் கவனக்குறைவை மெய்ப்பித்தலும் மறுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

சாலை விபத்தில் ஒருவரை இழந்த குடும்பம் தீர்ப்பாயத்தை அணுகும்போது முதலில் எழும் வினா, இழப்பீடு எவ்வளவு என்பதன்று. விபத்துக்கு யாருடைய கவனக்குறைவு காரணம் என்பதே. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்கீழ்த் தொடரப்படும் வழக்குகளில் இவ்வினா எவ்வாறு மெய்ப்பிக்கப்படுகிறது, எவ்வாறு மறுக்கப்படுகிறது என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. மெய்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருடையதாக இருப்பினும், குற்றவியல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் ஐயத்தின் பயன் இங்கு ஓட்டுநருக்குத் தானாகக் கிடைப்பதில்லை என்பதும், விதிமீறல் விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமானால் மட்டுமே கவனக்குறைவாகக் கொள்ளப்படும் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கவனக்குறைவு, இழப்பீடு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், மெய்ப்பிக்கும் பொறுப்பு, பங்களிப்புக் கவனக்குறைவு, காரணத் தொடர்பு

1. முன்னுரை

சாலை விபத்தில் பாதிக்கப்பட்டோர் ஒரு காலத்தில் உரிமையியல் நீதிமன்றத்தில் கட்டணம் செலுத்தி வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் செய்யப்பட்ட திருத்தம், இவ்வழக்குகளுக்கெனத் தனித் தீர்ப்பாயங்களை அமைக்க வழிவகுத்தது. இன்று நடப்பிலுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 165ஆம் பிரிவு அத்தீர்ப்பாயங்களைத் தொடர்கிறது. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகள் இத்தீர்ப்பாயங்களாகச் செயல்படுகின்றனர்.

பாதிக்கப்பட்டவருக்கு இச்சட்டம் இரு வழிகளைத் திறந்து வைத்துள்ளது. ஒன்று, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் புகுத்தப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 164ஆம் பிரிவு. இதன்படி உயிரிழப்புக்கு ரூ. 5 இலட்சமும் கொடுங்காயத்திற்கு ரூ. 2.5 இலட்சமும், யாருடைய தவறு என்று கேளாமலே வழங்கப்படும். மற்றொன்று 166ஆம் பிரிவு. இறந்தவரின் வயது, வருவாய், அவரைச் சார்ந்திருந்தோர் ஆகியவற்றைக் கருதி ‘நியாயமான இழப்பீடு’ இதன்கீழ்க் கணக்கிடப்படுகிறது. 164ஆம் பிரிவின் தொகையை ஏற்றுக்கொண்டால் 166ஆம் பிரிவின் மனு முடிவுக்கு வந்துவிடும். ஆகவே இரண்டில் எதைத் தேர்வது என்பது, கவனக்குறைவை மெய்ப்பிக்க இயலுமா என்ற கணிப்பைப் பொறுத்தே அமைகிறது. ஈட்டிக் கொண்டிருந்த இளைஞர் ஒருவரை இழந்த குடும்பத்திற்கு, இக்கணிப்பு பல இலட்சம் ரூபாய் வேறுபாட்டைத் தரக்கூடியது.

166ஆம் பிரிவின் மனுவை விபத்து நிகழ்ந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்ற வரம்பும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. சான்றுகளைத் திரட்டும் பணியை இது மேலும் நெருக்கடிக்கு உள்ளாக்கியுள்ளது.

2. கவனக்குறைவின் கூறுகள்

மோட்டார் வாகனச் சட்டம் கவனக்குறைவுக்கு வரையறை தரவில்லை. தீங்கியல் சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளே இங்குப் பயன்படுகின்றன. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று முன்னறியத்தக்க ஒவ்வொருவரிடத்தும் நாம் கவனத்துடன் நடந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம் என்னும் கோட்பாடு, 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் அளித்த தீர்ப்பால் உறுதிபெற்றது. இதன்படி மனுதாரர் நான்கு கூறுகளைக் காட்ட வேண்டும்: கவனமாக இருக்கும் கடமை, அக்கடமையின் மீறல், அம்மீறலுக்கும் விபத்துக்கும் இடையிலான காரணத் தொடர்பு, அதனால் விளைந்த இழப்பு.

சாலையைப் பயன்படுத்தும் எவரும் பிறரிடத்துக் கவனமாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இழப்பும் பெரும்பாலும் மருத்துவ ஆவணங்களால் வெளிப்படும். எனவே வழக்கின் போராட்டம் இரண்டாம், மூன்றாம் கூறுகளில்தான் நிகழ்கிறது. கடமை மீறலை அளக்க 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநெறி ஒழுங்குமுறைகள் அளவுகோலாகின்றன. முன்செல்லும் வாகனத்திலிருந்து போதிய இடைவெளி விடுதல், திரும்புமுன் சைகை காட்டுதல், பிறருக்கு இடையூறின்றி நிறுத்துதல் போன்ற நெறிகள் இவற்றில் அடங்கும்.

ஓட்டுநரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டால், பணியின்போது நிகழ்ந்த தவறுக்கு வாகன உரிமையாளரும் பொறுப்பாகிறார். அவரது பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது. இச்சங்கிலியின் முதற்கண்ணி கவனக்குறைவே. 166ஆம் பிரிவின்கீழ் வரும் மனுவில் அதனை மெய்ப்பிக்காமல் இழப்பீடு பெற இயலாது என்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் ஓரியண்டல் இன்சூரன்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கொன்றில் மீண்டும் வலியுறுத்தியது.

3. மெய்ப்பின் தரம்: ஐயத்தின் பயன் யாருக்கு?

குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயத்திற்கு அப்பால் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். சிறு ஐயமும் குற்றஞ்சாட்டப்பட்டவரைக் காக்கும். தீர்ப்பாயத்தின் அளவுகோல் வேறு. இரு தரப்புக் கூற்றுகளில் எது நிகழ்ந்திருக்க வாய்ப்பு மிகுதி என்பதே அங்கு வினா.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கிய தீர்ப்பு, 1980இல் என்.கே.வி. பிரதர்ஸ் நிறுவன வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் எழுதியது. அந்நிறுவனத்தின் பேருந்து இரவு நேரத்தில், தாழ்ந்து தொங்கிய உயர்மின்னழுத்தக் கம்பியில் மோதியது. 26 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் எண்மர் அவ்விடத்திலேயே இறந்தனர். குற்றவியல் நீதிமன்றம் இதனை இயற்கையின் செயலாகக் கருதி ஓட்டுநரை விடுவித்தது. அவ்விடுதலையைக் காட்டி இழப்பீட்டிலிருந்தும் விலக்குப் பெற நிறுவனம் முயன்றது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தண்டனைக்குத் தேவைப்படும் கவனக்குறைவு வேறு, இழப்பீட்டுக்குப் போதுமான கவனக்குறைவு வேறு என்றது. ஆங்காங்கே தோன்றும் சிறு ஐயத்தையோ தெளிவின்மையையோ பற்றிக்கொண்டு ஓட்டுநரும் உரிமையாளரும் தப்பிவிடாதபடி தீர்ப்பாயங்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

2009இல் ஹிமாச்சலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான வழக்கில் இக்கோட்பாடு மேலும் வலுப்பெற்றது. ஒரு குறிப்பிட்ட பேருந்து குறிப்பிட்ட முறையில் விபத்தை விளைவித்தது என்பதைக் கடுமையான தரத்தில் மெய்ப்பிக்கப் பாதிக்கப்பட்டோரால் இயலாமற் போகலாம். வழக்கை முழுமையாக நோக்கி, வாய்ப்பு மிகுதியை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இத்தளர்வின் காரணம் எளிது. மனுதாரராக வரும் மனைவியோ தாயோ குழந்தைகளோ பெரும்பாலும் விபத்தை நேரில் கண்டவர்கள் அல்லர். நடந்ததை அறிந்தவர் இறந்துவிட்டார். எஞ்சியவர் எதிர்த்தரப்பு ஓட்டுநர். எனினும் இத்தளர்வு மெய்ப்பின் தரத்தைப் பற்றியதேயன்றி, மெய்ப்பே தேவையில்லை என்று பொருள்தருவதன்று. வாய்ப்பு மிகுதியைக் காட்டவும் சான்று வேண்டும்.

4. சான்றுகளும் அவற்றின் எடையும்

முதல் தகவல் அறிக்கை பெரும்பாலான மனுக்களில் முதற் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்படுகிறது. அது விபத்து நிகழ்ந்ததைக் காட்டும் தொடக்க ஆவணமே. தன்னளவில் முழு மெய்ப்பாகாது. அதனைத் தாக்கல் செய்யும் தரப்பு, தனக்குச் சாதகமான பகுதியை மட்டும் ஏற்றுப் பாதகமான பகுதியை விலக்கிவிட முடியாது என்பதை 2007இல் வந்த மற்றொரு தீர்ப்பு உணர்த்துகிறது. மறுபுறம், அறிக்கை பதிவாவதில் நேர்ந்த தாமதம் ஒன்றே மனுவை வீழ்த்திவிடாது என 2011இல் உச்ச நீதிமன்றம் கூறியது. காயமுற்றவரைக் காப்பாற்றுவதே உறவினரின் முதற் கவலையாக இருக்கும் என்பது அதன் அடிப்படை.

புலனாய்வுக்குப் பின் ஓட்டுநர்மீது தாக்கலாகும் இறுதி அறிக்கை, அவரது கவனக்குறைவை முதல் நோக்கில் சுட்டும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதனை மறுக்க விரும்பும் தரப்பு எதிர்ச்சான்று தர வேண்டும்.

பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் சாலையின் அகலம், வாகனங்கள் நின்ற நிலை, தடம் பதிந்த இடம் ஆகியவற்றைக் காட்டுவன. மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, தடுப்பமைப்பு இயங்கும் நிலையில் இருந்ததா, சேதம் வாகனத்தின் எப்பகுதியில் உள்ளது என்பவற்றைப் பதிவுசெய்யும். இவ்வறிக்கையைச் சாட்சிக் கூற்றோடு ஒப்பிடுவது பயன்தரும். ‘எதிரே வந்து மோதினார்’ என்று ஓட்டுநர் கூற, இருசக்கர வாகனத்தின் பின்பகுதி மட்டும் நசுங்கியிருந்தால், அக்கூற்றை ஆவணமே மறுக்கிறது.

ஆயினும் வாகனங்கள் நின்ற நிலையை மட்டும் கொண்டு ஊகத்தால் முடிவுக்கு வருதல் தவறாகும். பேருந்தும் காரும் மோதிய ஒரு வழக்கில், மகஜரை மட்டும் கொண்டு கார் ஓட்டியவர்மீது பங்களிப்புக் கவனக்குறைவைச் சுமத்த இயலாது என 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோதலுக்குப் பின் வாகனம் எங்கு நின்றது என்பதும் மோதலின்போது எங்கு இருந்தது என்பதும் ஒன்றல்ல.

நேரில் கண்ட சாட்சியைப் பற்றி எதிர்த்தரப்பு வழக்கமாக எழுப்பும் வாதம், அவர் பெயர் காவல்துறையின் சாட்சிப் பட்டியலில் இல்லை என்பது. 2020 டிசம்பரில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இவ்வாதம் ஏற்கப்படவில்லை. காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்த ஒருவர், உடனே காவல்துறையிடம் முறையிடவில்லை என்பதற்காக அவரை நம்பத்தகாதவர் எனத் தள்ளக் கூடாது என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு. குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்கத் தவறிய வினாக்களை மேல்முறையீட்டில் ஐயங்களாக எழுப்புவதும் முறையன்று.

கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் இப்போது சான்றாக வருகின்றன. மின்னணுப் பதிவை முன்வைப்போர் 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழையும் இணைப்பது பாதுகாப்பானது. தீர்ப்பாயம் சுருக்க விசாரணை முறையைப் பின்பற்றலாம் என 169ஆம் பிரிவு கூறினாலும், அச்சலுகையை நம்பிச் சான்றிதழைக் கைவிடுதல் நன்றன்று. கடைகளிலும் வீடுகளிலும் உள்ள கேமராக்களில் பழைய பதிவுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும் என்பதால், அவற்றை உடனே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, புலனாய்வு அலுவலர் 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும் 90 நாள்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் தீர்ப்பாயத்தில் அளிக்க வேண்டும். இக்கடமைகளைக் காவல்துறை நிறைவேற்ற வேண்டும் என்பதை அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. சட்டத்தின் 166ஆம் பிரிவு 4ஆம் உட்பிரிவு, தீர்ப்பாயத்திற்கு வரும் விபத்து அறிக்கையையே இழப்பீட்டு மனுவாகக் கருத இடமளிக்கிறது. சான்று திரட்டும் சுமையை எளிய குடும்பத்திடமிருந்து அரசு அமைப்புக்கு மாற்றும் முயற்சி இது.

5. நிகழ்வே பேசும் நிலை

சில விபத்துகளில் நிகழ்ந்த முறையே கவனக்குறைவை உணர்த்தும். இலத்தீனில் ‘ரெஸ் இப்சா லோக்விட்டர்’ எனப்படும் இக்கோட்பாட்டை, நிகழ்வே பேசும் நிலை எனலாம். 1977இல் ரஞ்சித் ஜின்னிங் அண்ட் பிரஸ்ஸிங் நிறுவன வழக்கில், கார் ஒன்று சாலையின் வலப்புற ஓரத்திற்குச் சென்று மரத்தில் மோதியது. கவனமாக ஓட்டப்படும் கார் இயல்பாக மரத்தில் மோதாது. எனவே அது எவ்வாறு நிகழ்ந்தது என்று விளக்கும் பொறுப்பு எதிர்த்தரப்பிடம் சேர்ந்தது.

இக்கோட்பாட்டுக்கு இரு நிபந்தனைகள் உள்ளன. விபத்தை விளைவித்த பொருள் எதிர்த்தரப்பின் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும்; கவனக்குறைவு இல்லாமல் அத்தகைய விபத்து இயல்பாக நேராததாகவும் இருக்க வேண்டும். நடைபாதையில் ஏறிய வாகனம், நின்றிருந்த வாகனத்தில் பின்னாலிருந்து மோதிய வாகனம் ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள். இரு வாகனங்களும் ஓடிக்கொண்டிருந்த நேருக்கு நேர் மோதலில் இக்கோட்பாடு எளிதில் பொருந்தாது. எந்த வாகனத்தின் தவறு என்பதை அந்நிகழ்வு தானே கூறுவதில்லை.

6. எதிர்த்தரப்பின் மறுப்பு

எதிருரையில் எல்லாவற்றையும் மறுத்து எழுதுவது வழக்கம். ஆனால் மறுப்புரை சான்றாகாது. விபத்தின்போது ஓட்டுநர் என்ன கண்டார், எப்போது தடுப்பை அழுத்தினார் என்பன அவருக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்தவை. அவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது என்பது சாக்ஷிய அதினியம் 109ஆம் பிரிவின் கோட்பாடு. அவர் சாட்சிக் கூண்டேறாதபோது, ஏறியிருந்தால் அவர் கூற்று அவருக்கே பாதகமாக இருந்திருக்கும் என 119ஆம் பிரிவின்கீழ் ஊகிக்கத் தீர்ப்பாயத்திற்கு இடமுண்டு.

இயந்திரக் கோளாறு என்னும் மறுப்பு தனியே குறிப்பிடத்தக்கது. தடுப்பமைப்பு திடீரெனப் பழுதானது என்று கூறினால் மட்டும் போதாது. அக்கோளாறு மறைந்திருந்தது, உரிய பராமரிப்பாலும் அதனைக் கண்டறிந்திருக்க இயலாது என்பவற்றை உரிமையாளர் எடுத்துரைத்து மெய்ப்பிக்க வேண்டும். 1977இல் வந்த மற்றொரு தீர்ப்பு இதனை வரையறுத்தது. பராமரிப்புப் பதிவேடு இல்லாத உரிமையாளருக்கு இம்மறுப்பு பெரும்பாலும் பயன்படுவதில்லை. மேலும், 2001இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில், சக்கரம் வெடித்துக் கவிழ்ந்த ஜீப்பால் வழிநடந்தவர் ஒருவர் இறந்ததற்கு, ஓட்டுநரின் கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாத நிலையிலும் கண்டிப்பான பொறுப்புக் கோட்பாட்டைக் கொண்டு இழப்பீடு வழங்கப்பட்டது.

காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புகளை இருவகையாகப் பிரித்தறிதல் வேண்டும். ஓட்டுநர் உரிமம் இல்லை, காப்பீட்டு நிபந்தனை மீறப்பட்டது என்பன நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடைப்பட்டவை, கவனக்குறைவோடு தொடர்பற்றவை. கவனக்குறைவு பற்றிய மறுப்போ விபத்தின் உண்மையைச் சார்ந்தது. உரிமையாளர் மனுதாரரோடு கூடிக்கொண்டாலோ வழக்கை எதிர்கொள்ளத் தவறினாலோ, அவருக்குரிய எல்லா வாதங்களையும் நிறுவனமே எழுப்ப 170ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பொய்யாகப் புனையப்படும் மனுக்களைத் தடுக்க இவ்வனுமதி இன்றியமையாதது.

7. பங்களிப்புக் கவனக்குறைவும் கூட்டுக் கவனக்குறைவும்

இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் மனுதாரர் இழப்புக்கு உள்ளாகிறார். பாதிக்கப்பட்டவரின் சொந்தத் தவறும் விபத்துக்குக் காரணமானால் அது பங்களிப்புக் கவனக்குறைவு. அவரது பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும். பாதிக்கப்பட்டவரிடம் தவறில்லாமல், பிறர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தவறுகள் இணைந்தால் அது கூட்டுக் கவனக்குறைவு. அதில் முழுத் தொகையையும் எவரிடமிருந்தும் பெறலாம் என 2015இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனம் தொடர்பான தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

எடுத்துக்காட்டாக, பேருந்தும் லாரியும் சம அளவில் தவறிழைத்து மோதியதில் பேருந்துப் பயணி ஒருவர் காயமுற்றார், அவரது இழப்பு ரூ. 10 இலட்சம் எனக் கொள்வோம். அவர் லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தே முழுத் தொகையையும் பெறலாம். தன் பங்கான ரூ. 5 இலட்சத்துக்கு மேல் செலுத்தியதை அந்நிறுவனம் பேருந்துத் தரப்பிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அதே விபத்தில் காயமுற்ற பேருந்து ஓட்டுநர் லாரித் தரப்புமீது மனுச் செய்தால், அவருடைய இழப்பீடு பாதியாகும்.

8. விதிமீறலும் காரணத் தொடர்பும்

பங்களிப்புக் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனை எழுப்பும் எதிர்த்தரப்புக்கே உரியது. தலைக்கவசமின்மை, உரிமமின்மை, ஒரே வண்டியில் மூவர் பயணம் என விதிமீறலைச் சுட்டிக்காட்டுவது எளிது. ஆனால் விதிமீறல் தண்டத்துக்குரியதாக இருப்பது வேறு. விபத்துக்குக் காரணமாவது வேறு.

2020இல் நேஷனல் இன்சூரன்ஸ் நிறுவனம் தொடர்பான வழக்கில், மூவர் சென்ற இருசக்கர வாகனத்தில் கார் ஒன்று பின்னாலிருந்து மோதியது. மூவர் சென்றதற்காக உயர் நீதிமன்றம் 10 விழுக்காடு குறைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் அக்குறைப்பை நீக்கியது. மூவர் சென்றது விபத்துக்கோ பாதிப்பின் கடுமைக்கோ எவ்வாறு காரணமாயிற்று என்று காட்டப்படவில்லை என்பது அதன் காரணம். உரிமம் இல்லாமை மட்டுமே பங்களிப்புக் கவனக்குறைவாகாது என 2008இலேயே நீதிமன்றம் கூறியிருந்தது. இந்நோக்கில், காலில் மட்டும் காயமுற்றவரிடம் தலைக்கவசம் அணியாததைக் குறையாகச் சுட்டுவதில் பொருளில்லை. தலைக்காயத்தால் இறந்தவர் நிலை வேறு. அங்கு வினா எழவே செய்யும்.

பின்னாலிருந்து மோதும் விபத்துகள் இக்காரணத் தொடர்பு ஆய்வின் நுட்பத்தைக் காட்டுவன. 2018இல் வந்த இரு தீர்ப்புகளை ஒப்பிடலாம். ஒன்றில், முன்சென்ற லாரிக்கு 10 முதல் 15 அடி இடைவெளியே விட்டுச் சென்ற கார் அதன்மீது மோதியது. போதிய இடைவெளி விடாத கார் ஓட்டுநரே பொறுப்பாளி எனக் கொள்ளப்பட்டது. மற்றொன்றில், இரவில் அடையாள விளக்கின்றிச் சாலையில் நிறுத்தப்பட்ட எரிவாயு டேங்கர்மீது கார் மோதியது. எதிர்வந்த வாகனங்களின் ஒளியில் டேங்கரைக் காண இயலவில்லை என்று நேரில் கண்டவர் சாட்சியளித்திருந்தார். உயர் நீதிமன்றம் கார் ஓட்டியவர்மீது சுமத்திய 50 விழுக்காட்டுப் பொறுப்பை உச்ச நீதிமன்றம் நீக்கியது. பின்னால் வந்து மோதியவரே தவறிழைத்தவர் என்ற பொதுக் கருத்து சட்டவிதியன்று என்பது இவ்வொப்பீட்டால் புலப்படும்.

2017இல் கோயம்புத்தூரில் நிகழ்ந்த விபத்து ஒன்று, பங்கீட்டின் விளைவு எத்துணைப் பெரிது என்பதை உணர்த்துகிறது. முன்சென்ற கார் நெடுஞ்சாலையில் திடீரென நின்றது. பின்வந்த பொறியியல் மாணவரின் இருசக்கர வாகனம் அதில் மோதியது. கீழே விழுந்தவர்மீது பின்னால் வந்த பேருந்து ஏறியதில் அவர் இடக்காலை இழந்தார். தீர்ப்பாயம் கார் ஓட்டுநரை முற்றிலும் விடுவித்து, பேருந்துக்கு 80, மாணவருக்கு 20 விழுக்காடு எனப் பிரித்தது. சென்னை உயர் நீதிமன்றம் காருக்கு 40, பேருந்துக்கு 30, மாணவருக்கு 30 என மாற்றியது. 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் காருக்கு 50, பேருந்துக்கு 30, மாணவருக்கு 20 என முடிவுசெய்தது. உடன்வந்த மனைவிக்குக் குமட்டல் ஏற்பட்டதால் நிறுத்தியதாகக் கார் ஓட்டுநர் கூறினார்; நெடுஞ்சாலை நடுவே சைகையின்றி நிறுத்துவதற்கு அது போதிய விளக்கமாகாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. மாணவர் இடைவெளி விடாததும் உரிமமின்றி ஓட்டியதும் தவறெனினும், விபத்தின் மூலகாரணம் திடீர் நிறுத்தமே என்றது. ஏறத்தாழ ரூ. 1.14 கோடி என மதிப்பிடப்பட்ட இழப்பில் அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ரூ. 91.39 இலட்சம்.

ஒரே நிகழ்வை ஆராய்ந்த மூன்று மன்றங்கள் கார் ஓட்டுநரின் பங்கைச் சுழியம், 40, 50 என மூவகையாகக் கண்டன. அம்மாணவரின் நிலையில், ஒவ்வொரு விழுக்காடும் ரூ. 1 இலட்சத்துக்கு மேற்பட்டது. விழுக்காட்டை நிர்ணயிக்கச் சட்டத்தில் சூத்திரம் இல்லை. ஆகவே ஒவ்வொரு தவறும் விபத்தில் ஆற்றிய பங்கைத் தீர்ப்பு தனித்தனியே விளக்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையே. காரணம் கூறப்படாத பங்கீட்டை மேல்முறையீட்டில் சோதிக்கவும் இயலாது.

9. தொகுப்புரை

- 166ஆம் பிரிவின் மனுவில் கவனக்குறைவை மெய்ப்பிக்கும் தொடக்கப் பொறுப்பு மனுதாரருடையது. அதன் தரம் வாய்ப்பு மிகுதி என்பதால், குற்றவியல் விடுதலை தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது.

- தொடக்கச் சான்று முன்வைக்கப்பட்டபின், எதிருரையில் மறுத்தல் மட்டும் போதாது. ஓட்டுநரின் சாட்சியம், பராமரிப்பு ஆவணம் போன்ற எதிர்ச்சான்றுகள் தேவை.

- காவல்துறை ஆவணங்கள் வழிகாட்டுவன. வாகனங்கள் நின்ற நிலையிலிருந்து ஊகத்தால் மட்டும் பொறுப்பைச் சுமத்த இயலாது.

- விதிமீறல், விபத்துக்கோ காயத்தின் கடுமைக்கோ காரணமாயிற்று என்று காட்டப்பட்டால் மட்டுமே இழப்பீட்டைக் குறைக்கும்.

தீர்ப்பாயங்களின் விழுக்காட்டுப் பங்கீடுகள், அவற்றுக்குக் கூறப்படும் காரணங்கள், மேல்முறையீட்டில் அவை மாற்றப்படும் அளவு ஆகியவற்றை மாவட்டவாரியாகத் தொகுத்து ஆராய்வது பயனுடைய அடுத்தகட்ட ஆய்வாகும். இழப்பீட்டைக் கணக்கிடும் முறையில் 2009, 2017ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தன. அக்கணக்கின் முடிவில் கழிக்கப்படும் விழுக்காட்டுக்கு அத்தகைய ஒழுங்கு இன்னும் வரவில்லை. கை கால் இழந்தவரும் பிள்ளையை இழந்தவரும் பெறும் தொகை அவ்விழுக்காட்டைப் பொறுத்தே அமைவதால், அதற்கான நெறிமுறைகளை வகுப்பது சட்ட ஆய்வாளர்முன் உள்ள இன்றியமையாத பணியாகும்.